மடிக்கு ரசீது இல்லை

என் வீட்டுக்காரர் பூசணிக்காய்க்கு ரசீது வாங்கிய மனிதர். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். அறுபத்தொன்றில் அவர் பழனி மலை அடிவாரத்தில் ஒரு பஞ்சாயத்து யூனியனுக்கு பி.டி.ஓ. ஒரு நாள் மலைக்கிராமம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவர், ஜீப்பின் பின் சீட்டில் யாரோ ஒரு பூசணிக்காயை வைத்துவிட்டதைப் பார்த்து வெலவெலத்துப் போனார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் சோலி வந்தபோது பூசணிக்காயும் அவரோடு மலையேறியது. வைத்தவரைத் தேடிப் பிடித்து ஒப்படைத்து, 'திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நான் புளி கரைத்து வைத்திருந்தேன். அந்தப் புளியை என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஞானவேல் என்று அவருக்குப் பெயர். அவருடைய வேலை சர்க்கார் மானியத்தை ஊர்களுக்குக் கொண்டு சேர்ப்பது. கிணறோ, பள்ளிக்கூடமோ, பாலமோ, எதுவானாலும் சர்க்கார் பாதி கொடுக்கும், மீதிப் பாதியை ஊர் போட வேண்டும். காசாகப் போடலாம், கல்லாகப் போடலாம், கூலி வாங்காத உழைப்பாகவும் போடலாம். சர்க்காரும் தன் பாதியை ஒரேயடியாகக் கொட்டிவிடாது. முதலில் ஒரு தவணை. ஊர்ப் பங்கு முழுதும் வந்ததென்று நிச்சயமான பிறகு மறு தவணை. எல்லாம் மார்ச் முடிவதற்குள் ஆக வேண்டும், ஆகாவிட்டால் மிச்சப் பணம் வந்த வழியே மதராஸுக்குத் திரும்பிவிடும். அதனால் மார்ச் மாதம் எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு இல்லையென்றால் எனக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.

அவருக்கு அந்தக் கவலை என்றால், எனக்கு வேறொரு கவலை. எங்கள் மகள் வள்ளிக்கு ஐந்து வயது முடிந்தும் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் மேளதாளத்தோடு சீர் கொண்டு வருவான், மடியில் உட்கார வைத்துக்கொள்வான், பிள்ளை அலறும், ஊரே சிரிக்கும். எனக்கோ கூடப் பிறந்தவன் யாரும் இல்லை. பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு நான் ஒற்றைப் பெண். பெரியப்பா மகன் ஒருத்தன் இருந்தான். சீர் செய்ய வேண்டிவருமே என்று பயந்து, மில்லில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டான், படுபாவி.

"அதுக்கென்ன சுந்தரி, யாராச்சும் ஒருத்தனைப் பிடிச்சு உக்கார வச்சிருவோம். கடன் வாங்குன மடின்னு ஆகட்டும்" என்றாள் என் நாத்தனார் கந்தம்மாள். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுப்படிக்குப் போய் இரண்டு பாத்திரத்தைச் சத்தமாக உருட்டினேன், வேறு என்ன செய்ய முடியும்.

இதற்கு நடுவில்தான் மூங்கில்பள்ளம் வந்தது. பாச்சலூருக்கும் அப்பால், மலைக்குள்ளே இருக்கிற சின்ன ஊர். ஊருக்கு முன்னால் ஓர் ஓடை. மழை பிடித்துக்கொண்டால் யாரும் கடக்க முடியாது. வாழைத்தார் சுமந்த மட்டக்குதிரைகள் கரையிலேயே நிற்கும், தார் முதுகிலேயே பழுத்துக் கெடும். பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைக் கயிறு கட்டிக் கடத்தினார்கள் என்று சொன்னார்கள். அந்த ஓடைக்குப் பாலம் போட மானியம் வந்தது. ஆவணியில் அஸ்திவாரம் போட இவர் கிளம்பியபோது, மலை பார்க்க வேண்டுமென்று வள்ளி அடம்பிடித்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நானும் ஜீப்பில் ஏறினேன். குடும்பம் ஏறினதற்கான பெட்ரோல் காசை மறுநாளே ஆபீஸில் கட்டிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருக்குப் பிடிக்காது.

ஜீப் ஓரிடத்தோடு நின்றுவிட்டது. அப்புறம் நடை. ஓடைக்கரைச் சரிவில் இவர் ஒரு வழுக்கு வழுக்கினார் பாருங்கள், முழங்கை வரை சேறு. ஊரே கூடி நிற்கிறது. மானிய உத்தரவோ பைக்குள் இருக்கிறது. சேற்றுக் கையால் சர்க்கார் காகிதத்தைத் தொடுவாரா அவர்?

"சுந்தரி, நீ எடுத்துக் குடுத்துரு" என்றார்.

நான் அடிவாரத்துக் கடைக்காரன் மகள். வெறுங்கையால் ஒரு எலுமிச்சம்பழம்கூட யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லை. ஒரு தாம்பாளம் கேட்டு வாங்கி, வெற்றிலை பாக்கு வைத்து, மஞ்சள் வைத்து, தலையில் இருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி வைத்து, அதன் மேல் உத்தரவை வைத்து நீட்டினேன். கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். சந்தோஷத்தில் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

தாம்பாளத்தை வாங்கிக்கொண்டவர் பாலக் கமிட்டிக்குத் தலைவரான வேலப்பன். குதிரை வைத்து மூட்டை ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உயரம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு வள்ளியைக் குனிந்து பார்த்தார்.

"பாப்பாவுக்கு இன்னும் காது குத்தலியாங்க?"

"பங்குனியில வச்சிருக்கோம். மடிதான் இல்ல. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாது" என்றேன். ஏன் அவரிடம் போய் அதைச் சொன்னேனோ. நாத்தனார் சொன்ன சொல் அப்போது மனசில் பச்சையாக இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது இவர், "தாம்பாளம் எதுக்கு? ரூல்ல இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "வழுக்கி விழணும்னு மட்டும் ரூல்ல இருந்துதா?" என்று கேட்டேன். அடிவாரம் வரை முழங்கைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தார்.

மார்ச் வந்தது. மூங்கில்பள்ளத்துக்காரர்கள் கல் சுமந்து, மரம் அறுத்து, இரண்டு கரையிலும் தூண் எழுப்பிவிட்டார்கள். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சிமெண்டுக்கும் கம்பிக்கும் ஊர்ப் பங்கிலே காசு கட்ட வேண்டியது பாக்கி. அது வந்தால்தான் சர்க்காரின் மறு தவணை. இவர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். கடைசியில் வேலப்பனே வந்தாராம்.

"சார், பங்குனியில ஊருக்கு ஒரு சோலி கெடக்கு. அது முடியட்டும்ங்க. அதுவரைக்கும் ஊருக் காசைத் தொட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"பாலத்தைவிட என்ன பெரிய சோலி? வெட்டிச் சோலி!" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் குதித்தார் இவர். "கட்டலேன்னா லாப்ஸ் ஆயிரும் சுந்தரி. ரெண்டு தூணும் மொட்டையா நிக்கும். காலம் பூரா என்னைப் பார்த்துச் சிரிக்கும்." அவர் ஒரு வேலையைப் பற்றி அப்படி உடைந்து பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் அந்த வேலப்பன் மேல் ஆத்திரமாக வந்தது.

அந்த மார்ச் கடைசி வாரத்தில்தான் காதுகுத்து. பழனி அடிவாரத்தில் அப்பா கடைக்குப் பக்கத்துச் சத்திரம். மடிக்கு வழியில்லாததால் அப்பாவையே உட்கார வைப்பதென்று முடிவு செய்திருந்தேன். கந்தம்மாள் வந்ததும் வராததுமாக, "தாத்தா மடியா? ஹூம், ஏதோ ஒரு மடி" என்றாள். வருஷக் கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பழனி வந்திருந்த டிவிஷனல் ஆபீசர் சுப்புராஜையும் இவர் மரியாதைக்கு அழைத்திருந்தார். அவர் வந்து முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தன் வீட்டு விசேஷத்திலேயே.

பத்தர் ஊசியைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தெருக்கோடியில் கொட்டுச் சத்தம் கேட்டது. காவடி வருகிறது என்று எல்லாரும் எட்டிப் பார்த்தோம். காவடி இல்லை. முன்னால் மலைக்கொட்டு. பின்னால் வரிசையாக மட்டக்குதிரைகள், கழுத்தில் சலங்கை, முதுகில் மலைவாழைத் தார். அதற்குப் பின்னால் பெண்கள், தலையில் தாம்பாளம். ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் காப்பிக்கொட்டை, ஒன்றில் மிளகு, மூங்கில் குழாயில் தேன், ஓர் ஆள் தோளில் பலாப்பழம், இன்னோர் ஆள் இழுத்துவந்த கிடா. யாத்ரீகர்கள் ஒதுங்கி வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லாருக்கும் முன்னால் புது வேட்டியில் வேலப்பன். அவர் ஏந்தி வந்த தாம்பாளத்தில் பட்டுப்பாவாடை, அதன் மேல் பொட்டு போல ஒரு ஜோடித் தங்கத் தோடு.

"தங்கச்சி!" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார். "வெள்ளனே கிளம்பியும் நேரமாயிருச்சு. இந்தக் கழுத குதிரைங்க பஜாரைப் பாத்து மெரண்டு போச்சுக. மாமன் சீரு வந்திருக்குன்னு சொல்லுங்க!"

நான் வாசலைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலை மறித்துவிட்டார்.

"யாரும் உள்ள வரக்கூடாது! எதையும் இறக்கக்கூடாது!" முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கம் திரும்பி, "சுந்தரி, என் வேலை போச்சு" என்றார் மெதுவாக.

சுப்புராஜ் கலர் பாட்டிலைக் கீழே வைத்தார். "மிஸ்டர் ஞானவேல், இவங்க உங்க யூனியன் ஆளுங்களா?"

"ஆமா சார்."

"மானியம் வாங்குன ஊரா?"

"ஆமா சார்." இவர் வேலப்பனிடம் திரும்பினார். "மிஸ்டர் வேலப்பன், தயவுசெஞ்சு எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு போயிருங்க."

"வந்த சீரைத் திருப்பி எடுத்துட்டுப் போறதா?" வேலப்பனுக்கு அதிர்ச்சி தாங்கவில்லை. "ஏன் சார் அப்படிச் சொல்றீக? எங்க ஊர்ல புதுசா எது கட்டுனாலும் அஸ்திவாரத்தன்னைக்கு, ஊர்ல பொறந்த பொண்ணுதான் தாம்பாளம் எடுத்துட்டு வருவா. அவ வீட்டு மொத விசேஷத்துக்கு ஊரு சீரு செய்யணும். செய்யாம அதுக்கு மேல்தளம் போடமாட்டோம். ஊருக்கு முன்னால இவுகதான தாம்பாளம் எடுத்துட்டு வந்தாக?"

அந்தக் குலவை எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அது சர்க்கார் பணம்யா! என் சம்சாரம் குடுத்தது இல்ல!" என்று இவர் கத்தினார்.

"சர்க்காரை நாங்க பாத்ததில்ல சார். தாம்பாளம் எடுத்துட்டு வந்தவுகளைத்தான் பாத்தோம்."

கந்தம்மாள் என் காதில், "யாரு, என்ன ஆளுகன்னு விசாரிக்காம..." என்று ஆரம்பித்தாள். "அண்ணி, செத்த நேரம் வாயை மூடுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

எனக்கு வந்த கோபம் எல்லார் மேலும்தான். வாசலை மறிக்கிற என் வீட்டுக்காரர் மேல் கோபம். பாலத்துக்குப் போட வேண்டிய காசையெல்லாம் கிடாவாகவும் தோடாகவும் மாற்றிக் கொண்டுவந்து நிற்கிற இந்த மனிதர் மேலும் கோபம். இவர்கள் திரும்பிப் போனால் என் மகளுக்கு மடி இல்லை. உள்ளே வந்தால் என் புருஷனுக்கு வேலை இல்லை. நடுவில் நான் நின்றுகொண்டு மூக்கைச் சிந்த வேண்டுமா? நான் வாசலுக்குப் போய், இவர் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன்.

"அண்ணே!" என்றேன். அந்தச் சொல்லை அதுவரை நான் யாரையும் பார்த்து உரிமையோடு சொன்னதில்லை. "சீரு கொண்டாந்து என் வாசல்ல நிறுத்திட்டீங்க. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. இப்ப நான் ஒண்ணு சொன்னா கேப்பீங்களா?"

"சொல்லு தங்கச்சி."

"எதையும் எறக்காதீங்க. அம்புட்டையும் இங்கேயே, இந்தத் தெருவுலயே ஏலம் விடுங்க. வர்ற காசு பாலத்துக்கு உங்க பங்கு. எனக்குப் பாலம்தான் சீரு."

கூட்டத்தில் சலசலப்பு. இவர் வாயைத் திறந்தபடி சுப்புராஜைப் பார்த்தார். சுப்புராஜ் எழுந்து வாசலுக்கு வந்து, தாம்பாளங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"பொருள் இன்னும் ஊர்க்காரங்க கையிலதான் இருக்கு. உங்க வாசப்படி தாண்டல" என்றார். "ஊரு தன் பொருளை விக்குது, காசை யூனியன்ல கட்டுது. இதுக்கு எந்த ரூல் குறுக்க நிக்குது? ரசீது மட்டும் சுத்தமாப் போடுங்க மிஸ்டர் ஞானவேல்." பிறகு குரலை இறக்கி, "அந்த ஆரஞ்சு கூடை எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.

ஏலம் விட ஆள் வேண்டுமே. எதிர்த்த வரிசையில் வாழைப்பழ மண்டி வைத்திருந்த முகம்மது இஸ்மாயில் பாய் பந்தியில் முதல் இலையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். மூங்கில்பள்ளத்துத் தார் அவர் மண்டிக்குத்தான் வரும். காதுகுத்து எந்தத் தேதியில் என்று வேலப்பனுக்குச் சொன்னவரும் அவர்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. "சுந்தரிப் புள்ள, நான் விடுறேன்" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு முக்காலி மேல் ஏறினார்.

அப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. பங்குனி உத்திரத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் எங்கள் சத்திர வாசலில். மொட்டை போட்ட சாமிகள் எல்லாம் வாழைத்தாருக்குக் கேட்கிறார்கள். "மலைத்தாரு! பஞ்சாமிர்தத்துக்குப் பொறந்த தாரு! ஒரு தரம்... என்ன சாமி, முருகனுக்கே பேரம் பேசுறீகளா? ரெண்டு தரம்..." என்று பாய் வெளுத்துவாங்கினார். கிடாவை ஒரு சந்தை வியாபாரி எடுத்தார். ஆரஞ்சுக் கூடையை சுப்புராஜ் கூட்டத்தோடு கூட்டமாகக் கேட்டு எடுத்து, காசை எண்ணி வைத்து, மறக்காமல் ரசீதும் வாங்கிக்கொண்டார். தேன் குழாய்க்குப் பலத்த போட்டி. கடைசியில் "மூணு தரம்" விழுந்தது யாருக்கு என்று பார்த்தால் கந்தம்மாளுக்கு.

"என்ன அண்ணி, என்ன ஆளுகன்னு விசாரிச்சுட்டீங்களா?" என்றேன்.

"போடி, தேனுக்கு என்னடி" என்று குழாயை மடியில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இவர் ஒரு ஓரத்தில் முழங்காலில் பலகையை வைத்துக்கொண்டு ரசீது மேல் ரசீதாக எழுதித் தள்ளினார். பங்குக்கு வேண்டியது வந்து, மேலும் வந்துவிட்டது. அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் பார்த்தேன்.

கடைசியில் தோடு மட்டும் பாக்கி. பாய் அதைக் கையில் எடுத்ததும் வேலப்பன் முகம் வாடியது. ஊர்ப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் காப்பிப்பழக் கூலியைச் சேர்த்து வாங்கியதாம் அது. ஒருத்தரும் கேட்க வாய் திறக்கவில்லை. இவர் பலகையை வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் கேக்குறேன்" என்று ஒரு விலை சொன்னார்.

"சார், பத்தர் வெலைக்குக் கீழ இருக்கே. கொறைச்சு எடுத்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றார் பாய்.

இவர் ஏற்றினார். வேறு யாரும் கேட்கவில்லை. தன் விலைக்கு மேல் தானே மறுபடி ஏற்றினார். பத்தர் "இதான் சரியான வெல" என்று தலையாட்டிய பிறகும் இன்னொரு ரூபாய் ஏற்றினார். "போதும் சார், நிறுத்துங்க, உங்களோட நீங்களே மல்லுக்கட்டுறீங்க!" என்று பாய் முக்காலியிலிருந்து குதித்தே விட்டார். சட்டைப்பையில் இருந்த சம்பளக் காசை எடுத்துக் கட்டி, தனக்குத் தானே ஒரு ரசீதும் எழுதிக்கொண்டார் என் வீட்டுக்காரர். தெருவே கைதட்டியது. நானும் தட்டினேன்.

வேலப்பன் மட்டும் தட்டவில்லை. வெறுங்கையோடு வாசலுக்கு வெளியே நின்றார். ஏந்தி வந்த தாம்பாளம் காலி. குதிரைகள் காலி.

"எல்லாத்தையும் ஏலம் விட்டாச்சு சார்" என்றார். "பாலத்துக்குத்தான், சந்தோஷம். ஆனா மாமன்னு சொல்லிக்கிட்டு வந்தேன். வெறுமனே திரும்பிப் போனா ஊர்ல என்னன்னு கேப்பாக. இந்த மடியையும் வேணாம்னு சொல்லிருவீகளா?"

என் அப்பா உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து மெல்ல எழுந்து ஒதுங்கி நின்றார். நான் இவரையே பார்த்தேன். இவர் சுப்புராஜைப் பார்த்தார். சுப்புராஜோ ஆரஞ்சை உரிப்பதில் மும்முரமாக இருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை.

இவர் ரசீதுப் புத்தகத்தை மூடினார். மூடியதை என் கையில் கொடுத்தார். அப்புறம் வாசற்படி இறங்கி, தெருவில் நின்ற அந்த மனிதரின் கையைப் பிடித்தார். ஊர் உலகத்தில் யாரையும் மிஸ்டர் போடாமல் கூப்பிட்டறியாத மனிதர் அவர்.

"உள்ள வாங்க மச்சான். பிள்ள காத்துக்கிட்டிருக்கா."